உதிரிப்பாகம் மாற்றுவதுதான் மெக்கானிக் வேலையா?

'படிப்பு ஏறவில்லை, அதனால் டீசல் மெக்கானிக் வகுப்பில் சேர்த்து விடுகிறோம்' என்று சொல்லும் பெற்றோர் நம்மிடையே இன்னமும் இருக்கிறார்கள். லோரிப் பட்டறையில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, இப்போது அதே தொழிலைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். படிக்க மாட்டேன் என்பவனால் இன்றைய டீசல் இயந்திரத்தின் எரிபொருள் பகுதியைத் தொட முடியாது. தொட்டால் லோரிக்காரருக்கு நட்டம். சில வேளைகளில் தொட்டவனின் கைக்கே ஆபத்து.

டீசல் இயந்திரத்தில் பெட்ரோல் காரில் இருப்பதுபோல் ஸ்பார்க் பிளக் கிடையாது. உருளைக்குள் காற்றை இறுக்கினால் அது மிகக் கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டில் டீசலைப் புகைபோல மெல்லிய துளிகளாகத் தெளித்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். எவ்வளவு தெளிப்பது, எந்த நொடியில் தெளிப்பது, எவ்வளவு மெல்லியதாகத் தெளிப்பது என்ற மூன்றில்தான் இயந்திரத்தின் வலிமையும் சிக்கனமும் புகையும் அடங்கியிருக்கின்றன. டாங்கியில் தொடங்கி, தண்ணீர் பிரிக்கும் பில்டர், பீட் பம்ப், மெயின் பில்டர், உயரழுத்த பம்ப், இன்ஜெக்டர் என்று போகும் பாதை முழுவதும் இந்த மூன்றுக்காகத்தான் இருக்கிறது.

ருடோல்ப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் தம் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியபோது, எரிபொருளை உள்ளே செலுத்த அழுத்தப்பட்ட காற்றைத்தான் பயன்படுத்தினார். 1927-இல் போஷ் நிறுவனம் இன்ஜெக்ஷன் பம்பைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அதன் பிறகு டீசல் லோரிகள் பரவலாயின. நம் தாத்தாமார் தோட்டத்து எஞ்சின் ரூமில் பார்த்ததும், என் பட்டறை வாழ்க்கையின் முதல் பாதியில் நான் பார்த்ததும் அந்த வம்சத்து பம்புகளைத்தான். அவற்றில் நோசில் ஏறத்தாழ 150 முதல் 250 பார் அழுத்தத்தில் திறக்கும். 1995-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் லோரிக்கு காமன் ரெயில் முறையைக் கொண்டுவந்தது. அதிலிருந்து கதை மாறிவிட்டது. இன்று சாலையில் ஓடும் லோரியிலும் பிக்அப்பிலும் அழுத்தம் 1,600 பாரைச் சாதாரணமாகத் தொடும். 2,000 பாரைத் தாண்டுவனவும் உண்டு.

2,000 பார் என்றால் எவ்வளவு? கார் டயரில் இருப்பது 2 பாருக்குச் சற்று மேல். இடைநிலைப்பள்ளி இயற்பியல் பாடத்தில் படிக்கும் அழுத்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில், அதாவது விரல் நகத்தளவு இடத்தில், ஏறக்குறைய இரண்டு டன். இரண்டு மைவி கார்களை உங்கள் சுண்டுவிரல் நகத்தின்மேல் நிறுத்துவதற்குச் சமம். 'இந்தக் கணக்கெல்லாம் வாழ்க்கையில் எங்கே உதவப் போகிறது' என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் காட்டும் இடம் இதுதான்.

இந்த அழுத்தம் ஏன் கையைப் பாதிக்கும் என்பதை இளைஞர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உயரழுத்தக் குழாயில் மயிரிழை அளவு கசிவு இருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத ஊசியாகப் பாயும். எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்ப்பது பட்டறைகளில் காலங்காலமாக இருக்கும் பழக்கம். அந்த ஊசி தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் செலுத்திவிடும். வெளியே தெரிவது ஒரு சிறு புள்ளி மட்டுமே. முதலில் பெரிய வலியும் இருக்காது. 'ஒன்றுமில்லை' என்று பையன் வேலையைத் தொடர்வான். சில மணி நேரத்தில் கை வீங்கத் தொடங்கும். உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். இது உடனடி அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். தாமதித்தால் விரல் போகலாம், கையே போகலாம். அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், 'உயரழுத்த டீசல் தோலுக்குள் புகுந்துவிட்டது' என்று அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். 'கையில் குத்திக்கொண்டேன்' என்று சொன்னால் மருந்து போட்டு அனுப்பிவிடக்கூடும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். அதையும் முகத்துக்கு எட்ட வைத்துப் பிடிக்க வேண்டும்.

பழைய போர்மேன்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால், அவர்கள் கற்றுக்கொடுத்த சில பாடங்களை இந்த இயந்திரங்களில் அப்படியே செய்யக் கூடாது. பழைய பம்பில் எந்த உருளை வேலை செய்யவில்லை என்று பார்க்க, இயந்திரம் ஓடும்போதே இன்ஜெக்டர் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்துவோம். காற்று பிடித்திருந்தாலும் அதே முறைதான். அதையே காமன் ரெயிலில் செய்தால், மேலே சொன்ன விபத்தை நாமே வரவழைத்துக்கொள்கிறோம். இதில் இயந்திரத்தை நிறுத்தி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, அழுத்தம் இறங்கிய பிறகுதான் நட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். இன்னொன்று, புதிய பில்டரில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டுவது. சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் என்று செய்வார்கள். ஆனால், நாம் வாளியிலிருந்து ஊற்றும் டீசலில் இருக்கும் தூசு, வடிகட்டப்படாமலே சுத்தமான பக்கத்துக்குப் போய்விடும். பல தயாரிப்பாளர்கள் இதைக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். காலியாக மாட்டி, கைப்பம்பை அடித்து நிரப்ப வேண்டும். கை வலிக்கும். வலிக்கட்டும்.

ஒரு தூசுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இன்ஜெக்டருக்குள் அசையும் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி இரண்டு, மூன்று மைக்ரான்தான். சட்டைத் துணியின் நூல், கையுறையில் ஒட்டிய மணல், ஏர் கன் அடித்தபோது பறந்த துரு, எதுவும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே, குழாயைக் கழற்றுமுன் சுற்றிலும் கழுவித் துடைக்க வேண்டும். கழற்றிய மறு நொடி இரு முனைகளையும் மூடியிட்டு அடைக்க வேண்டும். நூல் உதிரும் பழந்துணியை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. டீசல் பட்டறை என்றால் கறுப்பு எண்ணெயில் குளித்த வேலை என்று முகம் சுளிக்கும் உறவினர்களை ஒரு நல்ல இன்ஜெக்டர் சோதனை அறைக்கு அழைத்துப் போக ஆசை. செருப்பை வெளியே கழற்றச் சொல்வார்கள்.

நம் நாட்டுக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. நாம் நிரப்பும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. 2011-இல் ஐந்து விழுக்காட்டில் படிப்படியாகத் தொடங்கியது. பி7 என்றால் ஏழு விழுக்காடு, 2019-இல் போக்குவரத்துத் துறைக்கு வந்த பி10 என்றால் பத்து. நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. பழைய யூரோ 2எம் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 500 பங்குவரை இருக்கலாம். யூரோ 5-இல் அது 10 பங்குதான். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் மசகுத் தன்மையும் குறைகிறது. பம்புக்கு எண்ணெய் போடுவது டீசலேதான் என்பதால், பயோடீசல் அந்தக் குறையை நன்றாகவே ஈடுகட்டுகிறது. ஆனால், அது சாதாரண டீசலைவிடத் தண்ணீரை அதிகம் இழுத்துக்கொள்ளும். நம் ஊரின் ஈரக்காற்றில், பாதி காலியான டாங்கி இரவில் குளிரும்போது உட்சுவரில் நீர் படியும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கொழகொழவென்று சேறாகும். பழைய டாங்கியில் ஒட்டியிருந்த படிவுகளையும் பயோடீசல் கரைத்துக் கிளப்பிவிடும். எல்லாம் பில்டரில் போய் அடைக்கும். பில்டரும் தாங்காவிட்டால் இன்ஜெக்டருக்குப் போகும்.

காப்பார் பக்கத்தில் இரண்டு லோரி வைத்து ஓட்டும் ஒருவரின் அனுபவத்தை இங்கே சொல்ல வேண்டும். காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு, மேட்டில் ஏறும்போது இழுவை இல்லை. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றியிருக்கிறார்கள். கூலியோடு ஏழாயிரம் வெள்ளிக்கு மேல். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு அதே தகராறு. மறுபடியும் இன்ஜெக்டர் என்றார்கள். கடன் வாங்குமுன் யாரோ சொல்லி, எங்கள் பயிற்சி வகுப்புக்கு லோரியைக் கொண்டுவந்தார்.

தண்ணீர் பிரிக்கும் பில்டரின் அடித்திருகைத் திறந்தோம். முதலில் வந்தது தேநீர் நிறத்தில் தண்ணீர். அரைக் குவளைக்கு மேல். டாங்கியில் கறுப்புக் களிம்பு.

"அண்ணே, இதை யாரும் திறந்து பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கல தம்பி. கம்ப்யூட்டர்ல போட்டாங்க. இன்ஜெக்டர்னு காட்டுதுன்னாங்க."

தண்ணீர் எப்படி வந்தது என்று கண்டுபிடித்தது என் வகுப்பில் இருந்த ஒரே மாணவி. டாங்கி மூடியின் ரப்பர் வளையம் வெடித்துப் பாதி காணாமல் போயிருந்தது. மழையிலும் லோரியைக் கழுவும்போதும் தண்ணீர் அதன் வழியே இறங்கியிருக்கிறது. அந்த வளையத்தின் விலை சில வெள்ளிதான். ஏழாயிரம் வெள்ளிப் பாகங்களை மாற்றிய கைகள் அதைத் தொடவே இல்லை. அந்தப் பட்டறையில் யாரும் ஏமாற்ற நினைத்ததாகவும் நான் கருதவில்லை. இன்ஜெக்டர்கள் உண்மையிலேயே பழுதாகித்தான் இருந்தன. ஏன் பழுதாயின என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஸ்கேனர் வந்தபின் இந்தக் கேள்வி இன்னும் அருகிவிட்டது. ஸ்கேனரை நான் எதிர்க்கவில்லை. அது இல்லாமல் இன்று வேலை நடக்காது. ஆனால், அது தரும் குறியீடு ஓர் அறிகுறி மட்டுமே. 'ரெயிலில் அழுத்தம் குறைவு' என்று காட்டினால், உயரழுத்த பம்பை மாற்று என்று அர்த்தமில்லை. பில்டர் அடைத்திருக்கலாம். டாங்கியிலிருந்து வரும் குழாயின் கிளிப் தளர்ந்து காற்று இழுக்கலாம். பீட் பம்ப் தளர்ந்திருக்கலாம். அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு ஒட்டியிருக்கலாம். ஓர் இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிந்து எல்லாவற்றையும் திரும்பு குழாயில் விட்டுக்கொண்டிருக்கலாம். சென்சாரே பொய் சொல்லலாம். காசில்லாத சோதனையில் தொடங்கி விலை உயர்ந்த பாகத்தை நோக்கிப் போவதுதான் முறை. நம் பிள்ளைகள் பலர் தலைகீழாகப் போகிறார்கள். அப்படிப் போக அவர்களைப் பழக்கியவர்கள் நாம்தான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இன்ஜெக்டர் கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொன்றின் திரும்பு குழாயிலும் ஒரு கண்ணாடிக் குழலை மாட்டி, நான்கு சிறு புட்டிகளில் விட்டு, குறிப்பிட்ட நேரம் இயந்திரத்தை ஓடவிட வேண்டும். மூன்று புட்டியில் ஒரே அளவு, ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு என்றால், குற்றவாளி தெரிந்துவிட்டது. நான்கை மாற்ற வேண்டிய இடத்தில் ஒன்று போதும். மாற்றியபின், அந்த இன்ஜெக்டரின்மேல் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணை வண்டியின் கணினியில் பதிய வேண்டிய வண்டிகளில் பதிய வேண்டும். அடியில் வைக்கும் செப்பு வாஷரைப் புதிதாகப் போட வேண்டும். நட்டை டார்க் ரெஞ்சில் அளந்து இறுக்க வேண்டும், 'கைக்குத் தெரியும்' என்று இறுக்கக் கூடாது. இவையெல்லாம் தயாரிப்பாளரின் கையேட்டில் எழுதியிருக்கின்றன. கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கேதான் நம் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். ஸ்பேனரைப் பிடிக்கத் தயங்காத கை, நாற்பது பக்கத்தைப் புரட்டத் தயங்குகிறது. கைத்தொழிலுக்குப் போகிறவனுக்கு வாசிப்பு வேண்டாம் என்று வீட்டிலும் பள்ளியிலும் நாம் மறைமுகமாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தின் பலன் இது.

கரும்புகைக்கும் இதே கதைதான். வணிக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒரு முறை வாகனச் சோதனைக்குப் போக வேண்டும். புகை அதிகம் என்று திரும்பி வந்தால் உடனே இன்ஜெக்டரில் கை வைப்பார்கள். கரும்புகை என்றால் காற்றுக்கு மேல் எரிபொருள் என்று பொருள். காற்று குறைந்தாலும் அப்படித்தான் புகையும். ஏர் பில்டரைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. வெண்புகை என்றால் எரியாத டீசலோ உள்ளே புகுந்த குளிரூட்டு நீரோ இருக்கலாம். நீலம் கலந்திருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அங்கே எரிபொருள் பகுதிக்கு வேலையே இல்லை.

'மின்சார வாகனம் வருகிறதே சார், இதைப் படித்து என்ன செய்வது?' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கார்களில் மாற்றம் வேகமாக வரலாம். கிள்ளான் துறைமுகத்துக்கு வரிசையாகப் போகும் டிரெய்லர்கள், எக்ஸ்கவேட்டர், மீன்பிடிப் படகு, மருத்துவமனையின் அவசர ஜெனரேட்டர் எல்லாம் நாளைக்கே மாறிவிடா. இருக்கும் வண்டியைச் சரியாக வைத்திருக்க வேண்டிய தேவையும் கூடியிருக்கிறது. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே நாளில் ஏறியதே, அன்றைக்கு உதவித்தொகை அட்டை இல்லாத பிக்அப்காரர்கள் எத்தனை பேர் எனக்குத் தொலைபேசியில் பேசினார்கள் தெரியுமா? எல்லோருக்கும் ஒரே கேள்வி: 'வண்டி ஏன் இவ்வளவு எண்ணெய் குடிக்குது?' அந்தக் கேள்விக்கு அளந்து பதில் சொல்லத் தெரிந்தவனுக்கு வேலை கிடைக்கும். பாகம் மாற்ற மட்டும் தெரிந்தவனுக்கு, மின்சார வாகனம் வராவிட்டாலும் சிரமம்தான்.

ஏற்கெனவே பட்டறையில் வேலை செய்து, கையில் சான்றிதழ் இல்லாத தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.-ஐ வகுப்பில் உட்கார்ந்துதான் பெற வேண்டும் என்பதில்லை. தேசிய இரட்டைப் பயிற்சி முறையில் எழுபது, எண்பது விழுக்காடு நேரம் வேலையிடத்திலேயே கழியும். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, முன் அனுபவ அங்கீகாரத்தின் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். அப்படித் தொகுக்கும்போது, மாற்றிய பாகங்களின் பட்டியலை மட்டும் எழுதாதீர்கள். என்ன சோதித்தீர்கள், என்ன அளவு வந்தது, ஏன் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று எழுதிப் பழகுங்கள்.

பயிற்சி நிலையங்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். செய்முறைத் தேர்வில் இப்போது நாம் பெரும்பாலும் பார்ப்பது, பையன் எவ்வளவு விரைவாகக் கழற்றுகிறான், எவ்வளவு விரைவாக மாட்டுகிறான் என்பதை. அதற்குப் பதிலாக, டாங்கிக் குழாயின் ஒரு கிளிப்பை மட்டும் தளர்த்திவிட்டு, ஸ்டார்ட் ஆகாத லோரி ஒன்றை அவன்முன் நிறுத்துங்கள். முதல் இருபது நிமிடம் ஸ்பேனரைக் கையில் கொடுக்காதீர்கள். ஒரு டார்ச் விளக்கு, ஒரு தாள், ஒரு பேனா. லோரிக்காரராக நடிக்கும் ஆசிரியரிடம் அவன் என்னென்ன கேட்கிறான், எதை முதலில் பார்க்கிறான், தாளில் என்ன எழுதுகிறான் என்பதற்குப் பாதி மதிப்பெண். மீதிப் பாதியை வேண்டுமானால் ஸ்பேனருக்குக் கொடுக்கலாம்.